உங்க ஆளுங்க நிறைய பேர் அங்கேதான் இருக்காங்க

நியூயார்க் மாநிலத்து லாங் ஐலண்ட் தீவில் இருக்கும் எங்கள் தமிழ் வாட்ஸாப் குழுவில் வாடகை வீட்டு விளம்பரம் வந்தால் அநேகமாக மூன்று சங்கதிகள் இருக்கும். ரயில் நிலையம் எவ்வளவு தூரம், மாத வாடகை எவ்வளவு, அப்புறம் 'சைவக் குடும்பம், இந்தியர்களுக்கு முன்னுரிமை'. அப்படி ஒரு விளம்பரத்தைப் போட்டவர் எனக்கு வெகுநாள் பழக்கமான ஓர் அண்ணன். கும்பகோணத்துக்காரர். ஹிக்ஸ்வில்லில் இரண்டு குடும்பம் இருக்கிற மாதிரியான வீடு. கீழே அவர் குடும்பம், மாடி வாடகைக்கு. குழுவில் சொன்னால் நன்றாக இருக்காது என்று தனியாகப் போன் செய்தேன். "அண்ணா, இந்தியர்களுக்கு முன்னுரிமைன்னு எழுதறது இங்கே சட்டப்படி தப்பு. அந்த வரியை எடுத்துடுங்களேன்."

அவர் கோபப்படவில்லை, சிரித்தார். "என் வீடு தம்பி. மாசா மாசம் கடன் கட்டறது நான். யாரைக் குடி வைக்கணும்னு ஆல்பனியில உக்காந்துக்கிட்டு கவர்னர் சொல்லுவாங்களா?" என்றார். (ஆல்பனி எங்கள் மாநிலத் தலைநகர்.) கொஞ்ச நேரம் பேசினோம். கடைசியில், "சரி, உனக்காக அந்த வரியை எடுத்துடறேன். ஆனா வைக்கப்போறது நம்ம ஆளைத்தான்" என்றார். சொன்னபடியே இரண்டையும் செய்தார்.

இதுதான் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. நான் போன் செய்ததால் நடந்தது என்ன? விளம்பரம் இருந்தவரை, அந்த வீடு தனக்குக் கிடைக்காது என்று ஓர் எல் சால்வடோர் நாட்டுக்காரருக்கோ ஒரு கறுப்பினத்தவருக்கோ தெரிந்திருக்கும். வேண்டுமானால் அதைப் படம் பிடித்துப் புகார் கொடுத்திருக்கலாம். வரி போனபின் அவர் போன் செய்வார், "இப்பதான் வேற ஒருத்தருக்குப் பேசி முடிச்சோம்" என்று மரியாதையாகப் பதில் வரும், நன்றி சொல்லி வைத்துவிடுவார். சட்டம் ஜெயித்த மாதிரியும் இருக்கிறது, சட்டத்தின் கண்ணைக் கட்டிய மாதிரியும் இருக்கிறது.

என் வீடு, என் இஷ்டம்

அண்ணன் கேட்ட கேள்வியை அலட்சியமாகத் தள்ள எனக்கு மனமில்லை. அமெரிக்கச் சட்டமே அதற்குப் பாதி வழிவிட்டிருக்கிறது. மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில், 1968 ஏப்ரல் 11 அன்று அதிபர் ஜான்சன் கையெழுத்திட்ட கூட்டாட்சி வீட்டுவசதிச் சட்டத்தில் 'மிஸஸ் மர்ஃபி விலக்கு' என்று ஒன்று உண்டு. மிஸஸ் மர்ஃபி என்று யாரும் நிஜத்தில் இல்லை. வீட்டின் ஒரு பகுதியை வாடகைக்கு விட்டுப் பிழைக்கும் ஒரு கைம்பெண்ணை விவாதத்துக்காகக் கற்பனை செய்தார்கள். சொந்தக்காரரே ஒரு பகுதியில் குடியிருக்கும், நான்கு குடித்தனங்களுக்கு மேற்படாத கட்டடத்துக்கு விலக்கு. நியூயார்க் மாநிலச் சட்டம் இதை இன்னும் இறுக்கி, இரண்டு குடித்தனம் என்று குறைத்துவிட்டது. அண்ணன் வீடு அந்த இரண்டுக்குள் வந்துவிடுகிறது.

ஆனால் விலக்கு அவர் நினைக்கும் அளவுக்கு அகலமில்லை. விளம்பரத்துக்கு அது பொருந்தாது; மிஸஸ் மர்ஃபியே ஆனாலும் 'இன்னாருக்கு முன்னுரிமை' என்று எழுதக் கூடாது. நிறம், இனம் என்று வந்தால் விலக்கே கிடையாது. உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு 1866-ல் இயற்றிய குடிமை உரிமைச் சட்டம் நூறு வருடம் கவனிப்பாரின்றிக் கிடந்தது. தனியார் செய்யும் விற்பனையும் வாடகையும்கூட அதற்குள் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1968 ஜூனில் ஒரு செயின்ட் லூயிஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. ஆக, மாடிப் போர்ஷனே ஆனாலும் ஆளின் நிறத்தைப் பார்த்து மறுக்க முடியாது. 'சைவம் மட்டும்' என்பது வேறு கதை. இன்னின்னதைக் காட்டி மறுக்கக் கூடாது என்று சட்டம் சொல்லும் பட்டியலில் சாப்பாட்டுப் பழக்கம் வராது. அது எதற்கு மாற்றுப் பெயராகப் பயன்படுகிறது என்பது நம்மூரில் வாடகைக்கு வீடு தேடிய எல்லோருக்கும் தெரியும். 'நீங்க என்ன ஆளுங்க' என்று நேராகக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் 'நீங்க சைவமா' என்று கேட்பார்கள். தீண்டாமையின் பேரில் குடியிருப்பை மறுப்பது அங்கேயும் 1955 முதல் குற்றம்தான். கேள்வியை மாற்றிக் கேட்பதற்குச் சட்டம் தேவைப்படவில்லை.

'என் வீடு' என்ற வாதத்தை இதே நியூயார்க்கில் இன்னொருவரும் சொல்லியிருக்கிறார். அவர் கைம்பெண் இல்லை, மெட்ரோபாலிட்டன் லைஃப் என்ற காப்பீட்டு நிறுவனம். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் மன்ஹாட்டனில் ஸ்டைவசன்ட் டவுன் என்ற குடியிருப்பைக் கட்டினார்கள். 8,700க்கும் மேற்பட்ட வீடுகள். பழைய தெருக்களைக் கையகப்படுத்திக் கொடுத்தது மாநகராட்சி, 25 ஆண்டு வரிச்சலுகை கொடுத்ததும் மாநகராட்சி. குடி வைத்தது வெள்ளையரை மட்டும். கறுப்பினத்தைச் சேர்ந்த முன்னாள் போர்வீரர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1949-ல் மாநிலத்தின் உச்சபட்ச நீதிமன்றம், இது தனியார் நிறுவனம், யாருக்கு வாடகைக்கு விடுவது என்பது அவர்கள் பாடு என்று நான்குக்கு மூன்று என்ற கணக்கில் சொல்லிவிட்டது. இந்தத் தீர்ப்பைப் படித்தபோது அண்ணனின் குரலிலேயே அது எனக்குக் கேட்டது. ஒரு மாடிப் போர்ஷனுக்குச் சொல்லும்போது இயல்பாகத் தோன்றுகிற நியாயம், ஊர்ப்பணத்தில் எழும்பிய 8,700 வீடுகளுக்கும் அட்சரம் பிசகாமல் பொருந்திவிடுகிறது. அங்கேதான் எனக்கு அதன்மேல் இருந்த மரியாதை போனது.

அந்தத் தீர்ப்பை நீதிமன்றம் திருத்தவில்லை, சட்டசபைகள்தான் திருத்தின. அரசு உதவி பெற்ற குடியிருப்புகளில் பாகுபாட்டை 1951-ல் நியூயார்க் நகரம் தடுத்தது. 1957-ல் முழுக்கத் தனியாரான வீடுகளுக்கும் அதை நீட்டியது. நாட்டிலேயே அதுதான் முதல். மாநிலம் 1961-ல் பின்தொடர்ந்தது. வாஷிங்டன் விழித்துக்கொள்ள இன்னும் ஏழு வருடம் ஆனது. இந்த வரிசை முக்கியம். வீட்டு விஷயத்தில் மத்தியச் சட்டம் பெரும்பாலும் கடைசியில்தான் வந்து சேரும்.

93 ஏஜென்ட்டுகள்

இப்போது என் கதை. எங்கள் மகள் பிறந்த சமயத்தில் நாங்கள் நியூயார்க் நகரத்தின் குவீன்ஸிலிருந்து, ஹிக்ஸ்வில் இருக்கும் நாசோ கவுன்ட்டிக்கு வீடு பார்க்க ஆரம்பித்தோம். எங்களுக்கு வாய்த்த ஏஜென்ட் அம்மாள் தங்கமான மனுஷி. குழந்தைக்குப் பால் புகட்ட வேண்டும் என்றால் காரை ஓரமாக நிறுத்திக் காத்திருப்பார். ஹிக்ஸ்வில் காட்டினார், நியூ ஹைட் பார்க் காட்டினார். "உங்க ஆளுங்க நிறைய பேர் அங்கேதான் இருக்காங்க. மளிகைக் கடை பக்கம், கோயிலும் பக்கம், உங்களுக்குச் சௌகரியமா இருக்கும்" என்றார். வெள்ளையர் அதிகம் இருக்கும் கார்டன் சிட்டியைப் பற்றிக் கேட்டோம். "அங்கே வரி ரொம்ப அதிகம், உங்களுக்குச் சரிப்படாது" என்றார். எங்களுக்கு அது அக்கறையாகத்தான் தெரிந்தது. ஊரில் அத்தை ஒருத்தி இருந்திருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பாள் என்று என் மனைவி சொன்னாள். ஹிக்ஸ்வில்லில் வாங்கினோம். இன்றுவரை எங்களுக்கு அந்த வீட்டில் ஒரு குறையும் இல்லை.

2019 நவம்பரில் இங்குள்ள நியூஸ்டே பத்திரிகை மூன்று வருட விசாரணை ஒன்றை வெளியிட்டது. ஒளித்துவைத்த கேமராவோடு 25 பேரை வீடு வாங்க வருகிறவர்களைப் போல ஏஜென்ட்டுகளிடம் அனுப்பினார்கள். இருவர் இருவராக: ஒருவர் வெள்ளையர், இன்னொருவர் கறுப்பினத்தவரோ ஹிஸ்பானியரோ ஆசியரோ. இருவருக்கும் ஒரே மாதிரி வருமானம், ஒரே பட்ஜெட், ஒரே தேவைகள். வேறு வேறு நாளில் ஒரே ஏஜென்ட்டிடம் போவார்கள். இப்படி 93 ஏஜென்ட்டுகளைச் சந்தித்ததில் 86 சோதனைகள் தேறின. கறுப்பினத்தவர் போன சோதனைகளில் 49 சதவீதத்திலும், ஹிஸ்பானியர் போனவற்றில் 39 சதவீதத்திலும், ஆசியர் போனவற்றில் 19 சதவீதத்திலும் வேறுபாடாக நடத்தியதற்கான சான்று இருந்தது. சில இடங்களில் வீட்டுக்கடனுக்கு வங்கி தரும் முன்னனுமதிக் கடிதம் கொண்டுவந்தால்தான் வீடு காட்டுவோம் என்று கறுப்பினத்தவரிடம் சொன்ன அதே ஏஜென்ட், வெள்ளையரை எதுவும் கேட்காமல் காரில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். பிரென்ட்வுட் என்ற ஊரைப் பற்றி ஒருவர் கறுப்பினத்தவரிடம் அங்கே நல்ல மனிதர்கள் இருக்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறார். வெள்ளையரிடம் அந்த ஊரின் ரௌடிக் கும்பல் சமாச்சாரங்களைக் கொஞ்சம் விசாரித்துக்கொள்ளுங்கள் என்று எச்சரித்திருக்கிறார்.

அந்த வீடியோக்களை ராத்திரி வெகுநேரம் உட்கார்ந்து பார்த்தேன். என்னைத் தாக்கியது இந்தச் சதவீதங்கள் இல்லை. கெட்டவர்கள் என்று யாரும் அதில் கண்ணில் படவில்லை. யாரும் குரலை உயர்த்தவில்லை, யாரும் வசைச்சொல் பேசவில்லை. புன்னகைக்கிறார்கள், காபி கொடுக்கிறார்கள். அப்படிச் சோதிக்கப் போன டெஸ்டர்களில் பலர் தங்களை நன்றாக நடத்தியதாகவே நினைத்துக்கொண்டு வெளியே வருகிறார்கள். அப்புறம் இன்னொருவருடைய பதிவைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான், இதே வாயிலிருந்து அவருக்கு வேறு ஊர்களின் பெயர்கள் வந்திருப்பது தெரிகிறது. குற்றம் இந்தப் பதிவிலும் இல்லை, அந்தப் பதிவிலும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. நடுவில் நிற்க நிஜ வாழ்க்கையில் யாருக்கும் வாய்ப்பதில்லை.

எங்கள் ஏஜென்ட் அம்மாள் செய்தது ஸ்டீயரிங்கா, அக்கறையா? இந்தத் தொழிலில் ஆளைப் பார்த்து ஊரைக் காட்டுவதற்கு ஸ்டீயரிங் என்றுதான் பெயர், 1968 முதல் அது சட்டவிரோதம். ஆனால் அவர் வரியைப் பற்றிச் சொன்னது பொய்யில்லை. எங்கள் சம்பளத்துக்கே ஒரு வெள்ளைக்காரத் தம்பதி போயிருந்தால் கார்டன் சிட்டியைக் காட்டியிருப்பாரா? அந்தத் தம்பதி இருந்தால்தானே தெரியும். (அதே கார்டன் சிட்டி, அடுக்குமாடி வீடுகள் வந்துவிடாமல் தடுக்க நிலப்பயன்பாட்டு விதியை மாற்றியது பாகுபாட்டு நோக்கத்தோடுதான் என்று 2013-ல் கூட்டாட்சி நீதிபதி ஒருவர் தீர்ப்பளித்தார் என்பது எனக்குப் பிற்பாடு தெரிந்தது. ஆனால் அதை வைத்து அந்த அம்மாளின் மனதை அளக்க முடியாது.) இவ்வளவு சட்டம் இருக்கும் ஊரில், சட்டம் தெரிந்த நான், எனக்கு நடந்ததா இல்லையா என்றே சொல்ல முடியாத நிலையில் இருக்கிறேன். என்னவென்று புகார் கொடுப்பது?

இந்தத் தீவின் பழைய பாகுபாட்டுக்கு இந்தச் சிக்கல் இருக்கவில்லை. எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடக் கார் தூரத்தில் லெவிட்டவுன் இருக்கிறது. 1947-லிருந்து சில ஆண்டுகளில் 17,000க்கும் மேல் வீடுகளை வரிசையாகக் கட்டிய ஊர். ஆரம்பகால வாடகை ஒப்பந்தத்திலேயே வெள்ளையர் அல்லாதவர் குடியிருக்கக் கூடாது என்று அச்சடித்திருந்தார்கள். படித்துப் பார்க்கலாம், நீதிமன்றத்தில் காட்டலாம். இன்றைய பாகுபாட்டில் காட்டுவதற்குக் காகிதமே இல்லை.

ஒன்பது சட்டங்கள்

நியூஸ்டே விசாரணைக்குப் பிறகு மாநில செனட் விசாரணை நடத்தியது. கூப்பிட்ட ஏஜென்ட்டுகளில் பெரும்பாலோர் வரவில்லை. சம்மன் அனுப்பித்தான் வரவழைக்க வேண்டியிருந்தது. 2021 டிசம்பரில் கவர்னர் ஹோக்குல் ஒன்பது மசோதாக்களில் சேர்ந்தாற்போல் கையெழுத்திட்டார். எல்லாவற்றையும் இங்கே சொல்லப் போவதில்லை. பயிற்சி வகுப்பு மணிநேரத்தைக் கூட்டியது எனக்குப் பெரிதாகப் படவில்லை. வகுப்பில் தூங்கவும் முடியும், சரியான விடையை எழுதவும் முடியும். எனக்குப் பிடித்தது மிகச் சாதாரணமான ஒன்று. வீடு காட்டுவதற்கு முன் வருகிறவரிடம் என்னென்ன கேட்பார்கள் என்பதை ஒவ்வொரு தரகு நிறுவனமும் எழுதி, எல்லோருக்கும் ஒரே மாதிரியாக, பொதுவில் வெளியிட வேண்டும். அடையாள அட்டையா, முன்னனுமதிக் கடிதமா, அவர்களோடு மட்டும் ஒப்பந்தமா, எதுவானாலும் சரி. 'எனக்கு மட்டும் ஏன்' என்று கேட்க இப்போது ஒரு தாள் இருக்கிறது. நல்ல சட்டம் இப்படித்தான் சலிப்பூட்டுவதாக இருக்கும் என்று தோன்றுகிறது.

அபராதம் மட்டும் ஏமாற்றம். உரிமம் வழங்கும் துறை போடக்கூடிய அபராதத்தை 1,000 டாலரிலிருந்து 2,000 டாலராக உயர்த்தினார்கள். ஆறு லட்சம் டாலர் வீட்டுக்கு இரண்டரை சதவீதத் தரகு என்று வைத்தால் 15,000 டாலர் வருகிறது. மாட்டினால் போகப்போவது அதில் ஏழில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவு. உரிமத்தையே ரத்து செய்யவும் துறைக்கு அதிகாரம் உண்டு, மனித உரிமைத் துறை வழியாகப் போனால் தொகையும் கூடும், மறுக்கவில்லை. ஆனால் அவற்றுக்கெல்லாம் முதலில் ஒருவர் தனக்கு அநியாயம் நடந்தது என்று தெரிந்து, கிளம்பி வந்து புகார் எழுத வேண்டும். 2024 பிப்ரவரியிலிருந்து அந்தப் புகாருக்கு மூன்று வருட அவகாசம் கொடுத்திருக்கிறார்கள், முன்பு ஒரு வருடம்தான். நல்லதுதான். தெரியாத ஒன்றைப் பற்றி மூன்று வருடம் யோசித்து என்ன செய்வது?

வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதைக் காட்டி மறுக்கக் கூடாது என்று 2019 ஏப்ரலில் மாநிலச் சட்டத்தில் சேர்த்ததும் இதே கதிக்கு ஆளானது. கூட்டாட்சிச் சட்டத்தில் இந்தப் பாதுகாப்பு இல்லை. செக்‌ஷன் 8 வவுச்சர் (குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மத்திய அரசு தரும் வாடகை உதவி) வைத்திருக்கும் குடும்பம் தன் வருமானத்தில் ஏறக்குறைய 30 சதவீதத்தை வாடகையாகக் கட்டும், மீதியை வீட்டுவசதி ஆணையம் நேராக உரிமையாளருக்கு அனுப்பிவிடும். முதல் தேதி தவறாமல் வருகிற பணம். ஆனாலும் 'செக்‌ஷன் 8 வேண்டாம்' என்று வெளிப்படையாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். சட்டம் வந்ததும் அந்த வரி மறைந்து, 'ஆண்டு வருமானம் மாத வாடகையைப் போல 40 மடங்கு' என்ற நிபந்தனை முன்னால் வந்து நின்றது. வவுச்சர்காரரிடம் அவர் கையிலிருந்து கட்டும் பங்குக்கு அந்தக் கணக்கைப் போட்டால் நியாயம். முழு வாடகைக்கும் போட்டால் ஒருவரும் தேறமாட்டார்கள். அண்ணன் வீட்டு விளம்பரத்துக்கு நேர்ந்ததும் இதேதான், அளவுதான் பெரிது. உரிமையாளர்கள் நீதிமன்றத்துக்கும் போனார்கள்: வவுச்சரை ஏற்றால் வீட்டை அரசு ஆய்வுக்குத் திறந்துவிட வேண்டியிருக்கிறது, விருப்பமில்லாதவரைக் கட்டாயப்படுத்துவது அரசியலமைப்புக்கு எதிரானது என்று. மாநிலத்தின் கீழ்நிலை நீதிபதி ஒருவர் 2023-ல் அதை ஏற்றுக்கொண்டார். டெக்சஸ் இன்னும் ஒரு படி மேலே போனது. ஆஸ்டின் நகரம் 2014-ல் வவுச்சர்காரர்களைக் காப்பாற்ற விதி போட்டதும், எந்த நகரமும் அப்படிச் செய்யக் கூடாது என்று மாநிலமே 2015-ல் சட்டம் போட்டுவிட்டது. மாநிலத்துக்கு அதிகாரம் கொடுத்தால் போதும் என்று பேசுகிறவர்கள் அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அந்த ஒன்பதில் நான் முதலிடம் கொடுப்பது, ஏஜென்ட்டுகளின் உரிமக் கட்டணத்தோடு ஒரு கூடுதல் தொகை வசூலித்து, அதிலிருந்து சோதனைகளுக்குப் பணம் கொடுக்கும் நிதிக்குத்தான். நியூஸ்டே ஒருமுறை செய்ததை மாநிலம் ஓயாமல் செய்துகொண்டிருப்பதற்கான வழி அது. சட்டரீதியாக இதற்குத் தடையும் இல்லை. வர்ஜீனியாவில் ரிச்மண்ட் நகரத்தை ஒட்டிய அடுக்குமாடி ஒன்றில் வெள்ளை டெஸ்டரிடம் வீடு இருக்கிறது என்றும் கறுப்பின டெஸ்டரிடம் இல்லை என்றும் சொன்னார்கள். பொய்யான தகவல் கிடைத்த அந்தக் கறுப்பின டெஸ்டருக்கு, நிஜமாக வீடு எடுக்கும் எண்ணம் இல்லாவிட்டாலும், வழக்குத் தொடுக்க உரிமை உண்டு என்று 1982-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதுநாள்வரை இந்த வேலையின் பெரும்பகுதியைச் செய்துவந்தவை லாப நோக்கற்ற சிறு அமைப்புகள். அவற்றில் பலவற்றுக்குக் கொடுத்துவந்த மானியங்களை 2025 பிப்ரவரியில் மத்திய வீட்டுவசதித் துறை ஒரே வீச்சில் ரத்து செய்தது. வழக்குகள் நடந்தன. அதில் யார் ஜெயித்தாலும், அடுத்த நிர்வாகம் எப்போது வேண்டுமானாலும் மூடக்கூடிய குழாய் அது என்பது எல்லோருக்கும் விளங்கிவிட்டது. மாநிலத்தின் உரிமக் கட்டணத்திலிருந்து வரும் பணத்தை வாஷிங்டனால் நிறுத்த முடியாது.

ஆனால் சோதனை செய்தால் மட்டும் போதாது, முடிவை ஊருக்குக் காட்ட வேண்டும். நியூயார்க் நகரத்தில் 2010 முதல் ஒவ்வொரு உணவகமும் சுகாதார ஆய்வில் வாங்கிய ஏ, பி, சி எழுத்தை வாசலிலேயே ஒட்ட வேண்டும். பி ஒட்டிய கடையின் முன்னால் ஒரு நிமிடம் தயங்காதவர் யார்? வீட்டுத் தரகு அலுவலகத்தின் கண்ணாடியிலும் அப்படி ஒரு தாள் இருக்கட்டும்: கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது, இரண்டு பேருக்கும் ஒரே வீடுகளைக் காட்டினார்களா. ஒரே ஒரு சோதனையை வைத்து ஒருவரைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது என்று ஏஜென்ட்டுகளின் சங்கங்கள் சொல்லும். அதில் நியாயம் இருக்கிறது. ஆகவே ஒரே நிறுவனத்தைப் பலமுறை சோதித்துவிட்டு ஒட்டட்டும். அதற்கு எத்தனை டெஸ்டர்கள் வேண்டும், உரிமக் கட்டணத்தில் இன்னும் எவ்வளவு ஏற்ற வேண்டும் என்று கணக்குப் போட வேண்டியவர்கள் ஆல்பனியில் இருக்கிறார்கள். ஹிக்ஸ்வில்லின் சட்டசபை உறுப்பினருக்கும் செனட்டருக்கும் இதைத்தான் எழுதி அனுப்பியிருக்கிறேன். ஒருவர் அலுவலகத்திலிருந்து 'பெற்றுக்கொண்டோம்' என்று மட்டும் பதில் வந்திருக்கிறது.